மெழுகக்கா கதவக்கா ஆன கதை

அந்தப் பட்டறையில் செய்வது பல் செட். ஊரிலிருக்கும் பல் டாக்டர்கள் வாயளவு எடுத்து அனுப்புவார்கள். இங்கே அதைப் பிளாஸ்டரில் வார்த்து, அதன்மேல் மெழுகை வளைத்து, அந்த மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கை அழுத்தி வேகவைத்து, மெருகு போட்டுத் திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. சொல்லும்போது ரொம்பச் சுலபம். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தாலும் போட்டுக்கொள்பவரின் ஈறு புண்ணாகி, மூன்றாம் நாள் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார்.

மெழுகில் பல் நடும் வேலையை இருபது வருஷம் செய்தவள் முதலாளியின் அக்கா. கல்யாணமான மூன்றாவது வருஷமே அவள் கணவன் வேறு வீடு பார்த்துக்கொண்டான். திரும்பி வந்தவள் அப்பா வீட்டு முன்னறையில் தம்பியோடு சேர்ந்து இந்தத் தொழிலை ஆரம்பித்தாள். தம்பி பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினான். அக்கா உட்கார்ந்து பல் நட்டாள். போர்டில் தம்பி பெயர் மட்டும்தான் இருந்தது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. பட்டறை பெரிதாகி எட்டுப் பேர் ஆனபோது எல்லோரும் அவளை மெழுகக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஜன்னல் பக்கத்து அறையில் அவளுடைய மேஜை. காலை வெளிச்சம் கண்ணைக் கூசவைக்காமல் பக்கவாட்டில் விழும். ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கத்தி, இரண்டு தாடையையும் கீல் போட்டு இணைக்கும் பித்தளைக் கருவி, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். உட்கார்ந்தாளானால் அவ்வளவுதான். பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஒருமுறை பேய் மழையில் தெருத் தண்ணீர் பட்டறைக்குள் வந்துவிட்டது. எல்லோரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். அவளைக் கூப்பிட வந்த மெருகுக்காரர், அறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்பதையும், அவள் காலை ஸ்டூலின் குறுக்குக் கட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கடைவாய்ப் பல்லைத் திருப்பிக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தக் கதையைப் பத்து வருஷம் சொன்னார்கள்.

தம்பி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் அவனை வில்லனாக நினைத்துவிடுவீர்கள். அவ்வளவு பெரிய ஆளெல்லாம் இல்லை அவன். பத்து நிமிஷம் ஒரு இடத்தில் உட்கார முடியாதவன். போனை எடுப்பான், வைப்பான், பிளாஸ்டர் மூட்டையை எட்டிப் பார்ப்பான், டீ குடிப்பான், எதற்கு எழுந்தோம் என்று மறந்து திரும்பி வருவான். அதே தெருவில் அவனுக்குப் பிறகு தொழில் ஆரம்பித்தவன் இரண்டு கிளை திறந்துவிட்டான் என்றதும் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. தனக்கு என்ன குறை என்று யோசித்தவனுக்கு, கவனம்தான் குறை என்று ஒரு விளம்பரம் பதில் சொன்னது.

பெரிய ஓட்டல் ஒன்றில் மூன்று நாள் பயிற்சி. கோட் போட்ட ஒருவர், தொழில் செய்கிறவனுக்கு ஒரு நாளில் நான்கு மணி நேரம்தான் பொன்னான நேரம், அதைச் சுற்றிச் சுவர் கட்ட வேண்டும், சுவருக்கு ஒரு காவலும் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான்காம் நாள் காலை தம்பி பட்டறைக்குள் நுழைந்த நடையே வேறாக இருந்தது. நேராக அக்காவின் அறைக்குப் போய் நான்கு சுவரையும் அண்ணாந்து பார்த்தான்.

“அக்கா, இந்த ரூம்தான் சரி. வெளிச்சம் இருக்கு, சத்தம் இல்ல.”

“எதுக்குடா?”

“எனக்கு. காலையில ஏழுலேருந்து பதினொண்ணு வரைக்கும் நான் இதுக்குள்ள இருப்பேன். யாரும் தட்டக்கூடாது. போன் கிடையாது. இந்தத் தொழிலை எங்க கொண்டு போகணும்னு உக்காந்து யோசிக்கப் போறேன்.”

“அப்ப என் மேஜை?”

“நடையில போட்டுக்கலாம், கதவுக்குப் பக்கத்துல. நீதான் கதவையும் பார்த்துக்கணும். உன்னைத் தாண்டி ஒருத்தனும் உள்ள வரமாட்டான்.” அவள் முகம் மாறுவதைப் பார்த்துக் குரலை இறக்கினான். “ஆறே மாசம்க்கா. உனக்கு எங்க உக்காந்தாலும் கவனம் வரும். சந்தையில உக்காத்தி வெச்சாலும் நீ பல்லு நடுவே. எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்ல.”

இருபது வருஷத்தில் அவள் வேலையைப் பற்றித் தம்பி வாய்விட்டுச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பைத்தியக்காரி. அன்று சாயங்காலமே மேஜையின் ஒரு முனையை அவளே பிடித்துத் தூக்கினாள். கதவகலம் போதவில்லை என்று மேஜையின் இரண்டு காலைக் கழற்ற வேண்டியிருந்தது.

சுவரில் சத்தம் தடுக்கும் பலகை அடித்தார்கள். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் உள்ளே கவனம் நடக்கிறது என்று அர்த்தம். நடையில் அவள் மேஜை, அதன்மேல் போன், பக்கத்தில் வாசல் மணி. தம்பி ஒரு நோட்டும் வாங்கித் தந்தான். தன்னைத் தேடி யார் வந்தாலும், எது வந்தாலும் அதில் ஒரு கோடு போட வேண்டும். எத்தனை இடைஞ்சலிலிருந்து தப்பித்தோம் என்று அளந்து பார்க்கவாம். பயிற்சியில் சொன்னார்களாம்.

முதல் நாள் அறுபத்தொரு கோடு விழுந்தது. பதினோரு மணிக்கு வெளியே வந்து அதைப் பார்த்த தம்பிக்கு முகமெல்லாம் பிரகாசம். “அறுபத்தொண்ணு! இத்தனையும் இத்தனை நாளா என் தலையிலதான் விழுந்திருக்கு, பாரு!” என்றான். இப்போது அவை யார் தலையில் விழுந்தன என்று அவன் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

யோசிக்க நேரமும் இல்லை. மெழுகை விளக்கில் காட்டி இளக்கி, பல்லை எடுத்துப் பொருத்தப் போகும்போது வாசல் மணி அடிக்கும். கூரியர்காரன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் மெழுகு இறுகியிருக்கும். மறுபடி இளக்கினால் போன் அடிக்கும். ஒரு டாக்டரின் ஆள் என் செட் எங்கே என்பான். மின்சாரக்காரன் மீட்டர் பார்க்க வருவான். பிளாஸ்டர் கலக்குகிறவன் தண்ணீர் வரவில்லை என்பான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில், ஒரு கோடு. முன்பு ஒரு நாளைக்கு இரண்டு முழு வாய் முடித்தவள் இப்போது நான்கு நாளில் ஒன்று முடிக்கத் திணறினாள். ஆறு மாதம் கழித்து, “அக்கா, நீ கஷ்டப்பட வேணாம்” என்று சொல்லித் தம்பி பல் நட இரண்டு பேரை வேலைக்கு எடுத்தான். நட்டார்கள், ஏதோ நட்டார்கள். அவள் மேஜையில் ஸ்பிரிட் விளக்கு இருந்த இடத்துக்கு இன்னொரு போன் வந்தது.

“ஆறு மாசம்னு சொன்னியேடா?”

“இப்பதான் சூடு பிடிச்சிருக்குக்கா. இந்த வருஷம் முடியட்டும்.”

அந்த வருஷம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. மெழுகுக் கத்தியை மட்டும் அவள் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தாள். ஒருநாள் ஜன்னலுக்குத் திரும்பிப் போவோம் என்பது அவள் மனசில் மாறவே இல்லை. அதுதான் அவள் கேட்டது, மொத்த வாழ்க்கையிலும் அது ஒன்றுதான்.

அவளைப் பாவம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் பொய்யாகிவிடும். கதவு அவளையும் கெடுத்தது. ஆட்களைத் திருப்பி அனுப்புவதில் ஒரு ருசி கண்டுவிட்டாள். வருகிறவன் வாயைத் திறப்பதற்குள் விரல் விளக்கைக் காட்டும். கெஞ்சினால் இன்னும் நேரம் தள்ளிச் சொல்வாள். மெருகுக்காரர் இருக்கிறாரே, தண்ணீருக்குள் அவளைப் பார்த்துச் சிரித்தவர், அவருக்கு மெருகுச் சக்கரத்தின் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் வந்துவிட்டது. தூசியை உறிஞ்சும் மெஷின் ஒன்று வைத்துத் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்க வேண்டும். காலையில் வந்தால் சிவப்பு விளக்கு. பதினோரு மணிக்கு வந்தால் முதலாளி பின்வாசல் வழியாக டாக்டர்களைப் பார்க்கக் கிளம்பியிருப்பான். இப்படியே பதினொரு மாதம்.

“ரெண்டு நிமிஷம்தாம்மா. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடுறேன்.”

“ரெண்டு நிமிஷம்னு சொல்லித்தாண்ணே எல்லாரும் வர்றாங்க. பதினொண்ணுக்கு வாங்க.”

“நீயாவது சொல்லேன் அவர்கிட்ட.”

“நான் கதவு பார்க்கத்தான் உக்காந்திருக்கேன். தூது போக இல்ல.”

சொல்லியிருக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும். சொல்லவில்லை. அவர் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டாள், அவ்வளவுதான். பன்னிரண்டாவது மாதம் அவர் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது அவள் மேஜைக்கு முன்னால் நின்று, மூச்சு வாங்க வாங்க, “வரேன் கதவக்கா” என்றார். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து பட்டறை முழுக்க அந்தப் பெயர்தான். மெழுகக்கா என்று கூப்பிட யாரும் மிச்சமில்லை.

அதே வருஷம்தான் அந்தக் கல்யாணப் பெண்ணின் விவகாரம். பெண் என்றால் அறுபத்திரண்டு வயது. கணவர் போய்ப் பதினைந்து வருஷம் தனியாக இருந்துவிட்டு, துணிச்சலாக இன்னொருவரைக் கட்டிக்கொள்ள முடிவு செய்தவர். கல்யாணத்துக்காகவே புதுப் பல் செட்டுக்குச் சொல்லியிருந்தார். அவருடைய வாயளவும், ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட்மேனின் வாயளவும் ஒரே காலையில் வந்தன. எந்த வாய்க்கு எந்த வடிவப் பல், எந்த நிறம் என்று எழுதிய சீட்டை அச்சோடு கட்டி உள்ளே அனுப்புவது கதவக்காவின் வேலை. ஒரு கையில் நூல் இருந்தது. போன் அடித்தது. எடுத்தாள். மணி அடித்தது. போனாள். திரும்பி வந்து, கையில் இருந்த நூலால் எதிரில் கிடந்த சீட்டைக் கட்டினாள். இரண்டு கோடும் ஒழுங்காகப் போட்டாள்.

அவசரம் என்பதால் டாக்டர் மெழுகிலேயே வாயில் வைத்துப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டார். செட் வாய்க்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. பற்கள்தான் போஸ்ட்மேனுக்கு உரியவை. சதுர சதுரமாக, மஞ்சளோடிய பெரிய பற்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் கையில் கிடைத்ததால் வேறு வழியில்லாமல் அந்த அம்மா அதையே போட்டுக்கொண்டு, கல்யாணப் படம் அத்தனையிலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் காலை எட்டு மணிக்குப் பட்டறைக்கே வந்துவிட்டார். வாயைக் கையால் மூடியிருந்தார்.

“முதலாளியைப் பார்க்கணும்மா.”

கதவக்காவின் விரல் தானாக விளக்கைக் காட்டியது.

அந்த அம்மா கையை எடுத்தார். “இது என் பல்லு இல்லம்மா. யாரோ ஒரு ஆம்பளையோட பல்லு. என்னைப் பார்த்து அவரே சிரிச்சிட்டாரு, என்னைக் கட்டிக்கிட்டவரு.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

கதவக்காவுக்கு விஷயம் உடனே விளங்கியது. நூலும் போனும் மணியும் வரிசையாக ஞாபகம் வந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவள் வலது கை பேனாவை எடுத்து நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டது. அழுதுகொண்டிருந்தவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். வாயை மறுபடி கையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனார்.

அந்த அம்மாவுக்குச் சரியான பற்களோடு வேறொரு செட்டைத் தானே நட்டு அனுப்புவது என்று உட்கார்ந்தாள். நல்ல நாளில் அரைப் பொழுது வேலை. மூன்று நாள் ஆயிற்று. முன்பற்கள் ஆறும் ஒரு கோட்டில் நிற்காமல் படுத்தின. பழக்கம் விட்டுப்போச்சு, உட்கார்ந்தால் வந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உட்காரத்தான் இடம் வேண்டும், ஜன்னல் வேண்டும்.

உள்ளே தம்பி என்ன செய்தான் என்று எல்லோருக்கும் கேட்கத் தோன்றும். அவளுக்கு மட்டும் தெரியும், சாயங்காலம் அந்த அறையைப் பெருக்குகிறவள் அவள்தான். சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. அதில் நான்கு நிறத்தில் கட்டம் கட்டி அவன் நாள் வரையப்பட்டிருக்கும். ஏழிலிருந்து ஏழரை வரை மூச்சு. ஏழரையிலிருந்து எட்டு வரை இலக்கு. எட்டிலிருந்து ஒன்பது வரை திட்டமிடுதல். ஒன்பதிலிருந்து பத்து வரை, திட்டம் சரியா என்று பார்த்தல். பத்திலிருந்து பதினொன்று வரை நாளைய கட்டம். வாரா வாரம் நிறம் மாறியது. புதுக் கிளை வரவில்லை, புது மெஷின் வரவில்லை. மெருகுக்காரருக்கு ஒரு உறிஞ்சி கூட வரவில்லை. பட்டறை ஓடியது, ஏனென்றால் அதை ஓட்டிக்கொண்டிருந்தது நடையில் இருந்த மேஜை. எந்த டாக்டருக்கு எதை முதலில் அனுப்புவது, யாரைச் சமாதானப்படுத்துவது, எந்த மூட்டையைத் திருப்புவது என்று ஒரு நாளைக்கு அறுபது முடிவு அங்கேதான் எடுக்கப்பட்டது. நோட்டில் அவை கோடுகளாக மட்டும் இருந்தன.

ஆனால் ஊருக்குக் கோட் போட்டவர்களைப் பிடிக்கும். தம்பியும் கோட் தைத்துக்கொண்டான். சிறுதொழில் செய்கிறவர்களின் சங்கம் அவனைப் பேசக் கூப்பிட்டது. தலைப்பு, ‘தினமும் நான்கு மணி நேரம்’. அக்காவையும் அழைத்துப் போனான். நோட்டுகளைச் சுமக்க ஆள் வேண்டுமே. பத்தொன்பது நோட்டு. அவற்றை மேடை மேஜையில் கோபுரமாக அடுக்கிவிட்டு அவள் ஓரமாக நின்றாள்.

“இதுல லட்சத்துக்கு மேல கோடு இருக்கு” என்றான் தம்பி. கைதட்டினார்கள். “இத்தனை இடைஞ்சலையும் நான் என் வாழ்க்கையிலிருந்து எடுத்துட்டேன். சிதறின மனசு என்ன செய்யும்னு கேக்குறீங்களா? ஒரு கதை சொல்றேன்.” கல்யாணப் பெண்ணின் கதையைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். போஸ்ட்மேனின் பல்லோடு கல்யாணப் பெண் நிற்கும் இடத்தில் தன் வாயைக் கையால் மூடிக் காட்டினான். அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “இந்தத் தப்பைப் பண்ணது யாரு தெரியுமா? எங்க அக்கா. இதோ, இங்கதான் நிக்குறாங்க. கை தங்கமான கை. ஆனா மனசு ஒரு இடத்துல நிக்கல. அதான் வித்தியாசம்.”

முந்நூறு தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவள் சிரித்தாள். வேறென்ன செய்வது, எல்லோரும் சிரித்தார்களே. அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு, திரும்பி வரும்போது வண்டியில் பாதி வழி வரை இறங்கவே இல்லை. தம்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எந்த இடத்தில் அதிகம் கைதட்டினார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தான்.

பட்டறையின் மிகப் பழைய டாக்டர் ஒரு அம்மா. எழுபதை நெருங்குபவர். தனக்கே பல் போனபோது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மெழுகக்காவைக் கூப்பிட்டுத்தான் செட் செய்யச் சொன்னார். “நான் எத்தனையோ பேருக்குப் பல் மாட்டியிருக்கேன், எனக்கு உன் கைதான்” என்று சொன்னவர். சங்கத்தில் தம்பி பேசிய மறுவாரம் அவர் நேரில் வந்தார். கதவக்கா வழக்கம்போல விளக்கைக் காட்டினாள்.

“அவனைப் பார்க்க வரலம்மா, உன்னைத்தான் பார்க்க வந்தேன்” என்றார். “இங்க இருந்து வர்ற வேலை எனக்கு ஆறு வருஷமா பிடிக்கல. அடுத்த மாசத்திலேருந்து வேற இடத்துக்குக் கொடுக்கப் போறேன். ஆனா உன்னை விட மனசு வரல. என் கிளினிக்குல மாடியில ஒரு ரூம் சும்மா கிடக்கு. ஜன்னல் இருக்கு. ஒரு மேஜை போட்டுத் தரேன். நீ பல்லு மட்டும் நடு. ஒருத்தரும் வந்து தட்டமாட்டாங்க. முதல்ல எனக்கே ஒரு செட் பண்ணு, இது தேஞ்சு போச்சு.”

கதவக்கா சரி என்று தலையை ஆட்டினாள். நான்கு நாளாகத் தம்பியிடம் சொல்ல முயன்றாள். காலையில் விளக்கு, பதினோரு மணிக்குப் பின்வாசல், ராத்திரி போனில் யாருக்கோ கவனம் பற்றி வகுப்பு. ஐந்தாம் நாள் ஒன்பது மணிக்கு எழுந்து, சிவப்பு விளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு, கதவைத் திறந்தாள். ஆறு வருஷத்தில் அந்த நேரத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை.

தம்பி அவளுடைய ஜன்னலுக்கு எதிரே, தொடையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். மேஜையில் ஒரு காகிதம்கூட இல்லை.

“அக்கா! என்ன பண்ற நீ? திரும்ப உள்ள போக எனக்கு அரைமணி நேரம் ஆகுமே!”

“எதுக்குள்ளடா?” என்று கேட்டாள் அவள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் வெள்ளைப் பலகையைத் திரும்பிப் பார்த்தான். அவளே தொடர்ந்தாள். “திங்கட்கிழமையிலேருந்து வரமாட்டேன். டாக்டரம்மாகிட்ட பல்லு நடப் போறேன்.”

“அப்ப கதவு?”

முதலில் அவன் வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான். அவள் இழுப்பறையிலிருந்து மெழுகுக் கத்தியை எடுத்துத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். படி இறங்கும்போது பின்னால் போன் அடித்தது. உடம்பு பாதி திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

டாக்டரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். புது மேஜை, புது ஸ்பிரிட் விளக்கு, பக்கவாட்டில் வெளிச்சம். அறைக்குப் போன் இல்லை. அவள் உட்கார்ந்தாள், மெழுகை இளக்கினாள். முதல் பல்லை எடுத்துப் பொருத்தினாள். இரண்டாவது பல்லை எடுக்கும்போது தலை தானாக நிமிர்ந்து கதவைப் பார்த்தது. யாருமில்லை. குனிந்தாள். மூன்றாவது பல். யாரோ படியேறுவதுபோல் இருந்தது. கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தாள். படி காலியாக இருந்தது. கீழே இறங்கி, “யாராவது கூப்பிட்டாங்களா?” என்று நர்ஸிடம் கேட்டாள்.

“இல்லையேக்கா.”

திரும்பி வந்தபோது மெழுகு இறுகியிருந்தது.

அன்று முழுக்க அப்படித்தான். நிசப்தம் அவளைத் தின்றது. மணி அடிக்காத ஒவ்வொரு நிமிஷமும் இப்போது அடிக்கும், இப்போது அடிக்கும் என்று காது நீண்டது. கணுக்கால் தண்ணீரில் அசையாமல் இருந்த அதே பெண், யாரும் வராத அறையில் பத்து நிமிஷம் உட்கார முடியாமல் தவித்தாள். மறுநாள் கதவை உள்ளே தாழ் போட்டுப் பார்த்தாள். தாழ் சரியாக விழுந்ததா என்று நான்கு தடவை எழுந்தாள். மூன்றாம் நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். பஞ்சுக்குள் போன் அடித்தது. எங்கேயும் அடிக்கவில்லை, அவள் தலைக்குள் அடித்தது. நட்டதை உருக்கினாள், மறுபடி நட்டாள், மறுபடி உருக்கினாள். எட்டாம் நாள் ஒரு வழியாக இருபத்தெட்டுப் பல்லும் மெழுகில் நின்றன. நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டரம்மா பழைய செட்டைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு மெழுகு செட்டைப் போட்டுப் பார்த்தார். மெதுவாகக் கடித்தார். இடது பக்கம் மேலும் கீழும் தொட்டன, வலது பக்கம் தொடவில்லை. நடுக்கோடு மூக்குக்கு நேரே இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கன்னம் ஒட்டிப்போன வாயோடு அவளை ஒருமுறை பார்த்தார்.

“இன்னொரு தடவை பண்றேன் டாக்டர்” என்றாள் அவள். “பழக்கம் விட்டுப்போச்சு. உக்காந்தா வந்துடும்.”

“வேணாம்மா” என்பதுபோல அவர் தலையசைத்தார். நல்ல மனுஷி. கோபமில்லை, முகத்தில் இரக்கம்தான் இருந்தது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று அவள் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள், ஏனென்றால் டாக்டரம்மா கிண்ணத்திலிருந்து பழைய செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மெழுகக்கா ஜன்னலோரம் ஒரே பொழுதில் நட்டு முடித்த பற்கள். தேய்ந்தும் ஒரு மயிரிழை விலகாதவை. அந்தப் பற்களால்தான் சொன்னார்.

“கீழ ரிசப்ஷன்ல ஆள் இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கு. உன்னை மாதிரி அந்த வேலையைப் பார்க்க யாராலயும் முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நாளையிலேருந்து அங்க உக்காந்துக்கிறியா?”

மறுநாள் காலை அவள் கீழே உட்கார்ந்தாள். நாற்காலி வசதியாகத்தான் இருந்தது. ஒன்பது மணிக்கு முதல் ஆள் வந்து, டாக்டரைப் பார்க்க வேண்டும், ரெண்டு நிமிஷம்தான் என்றான். உட்காரச் சொன்னாள். போன் அடித்தது. எடுத்துப் பேசி வைத்தாள். வந்த நாளாகத் தலைக்குள் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் அப்போதுதான் அடங்கியது. சீட்டுக் கட்டை இழுத்து, பேனாவைத் திறந்து, யாரும் சொல்லாமலே ஓரத்தில் இரண்டு கோடு போட்டாள்.